பெயர் தெரியாத நோய், ஒரு கிலோ ஃபெரட்: கிருஷ்ணகிரியிலிருந்து எங்கே போவது?

எங்கள் வீட்டு ஃபெரட்டுக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் சொன்னது எதிர் மளிகைக் கடைத் தராசு. ஞாயிறுதோறும் அவனைத் தூக்குப் போசியில் உட்கார வைத்து எடை பார்ப்பது தம்பியின் பழக்கம். 1,140 கிராமிலேயே நின்றுகொண்டிருந்த சுண்டு ஒரு ஞாயிறு 1,050 காட்டினான். "தராசு சரியாத்தாங்க இருக்கு, வேணும்னா ஒரு கிலோ சர்க்கரையை வெச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர். வைத்தோம். சரியாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு 960.

ஃபெரட் என்றால் தெருவில் பாதிப் பேர் கீரி என்கிறார்கள். கீரியை வீட்டில் வைத்திருந்தால் வனத்துறை வந்து நிற்கும். இது கீரி இல்லை. ஐரோப்பாவில் போல்கேட் என்று ஒரு காட்டு விலங்கு உண்டு, அதிலிருந்து முயல் பிடிக்கவும் எலி பிடிக்கவும் மனிதர்கள் பழக்கி எடுத்த வீட்டு விலங்கு. தம்பி பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியது, வேலையை வீட்டிலிருந்தே பார்க்க ஆரம்பித்ததும் அவனோடு கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டது. நான்கு வயது ஆண், விதை நீக்கியது. ஐந்திலிருந்து எட்டு வருடம் வாழும் பிராணிக்கு நான்கு என்பது நடுவயதைத் தாண்டிய கணக்கு. விளக்கம் சொல்லி ஓய்ந்துபோன அம்மா இப்போது கேட்பவர்களிடம் "ஃபாரின் கீரி" என்று முடித்துவிடுகிறார்.

எடை குறைந்ததோடு பின்னங்கால் தள்ளாட ஆரம்பித்தது. சாப்பாட்டுத் தட்டருகே போய் முகர்ந்துவிட்டுத் திரும்புவான். பல்லை நறநறவென்று கடிப்பான். மலம் இரண்டு தடவை தார் மாதிரி கறுப்பாகப் போனது. நன்றாக இருக்கும் ஃபெரட்டே ஒரு நாளில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கும் என்பதால், அதிகம் தூங்குகிறான் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம்.

இந்த அறிகுறிகளுக்கு ஒரே ஒரு நோய் பொருந்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இல்லை. கணையத்தில் கட்டி வந்து சர்க்கரை தாழ்ந்துபோகும் இன்சுலினோமா இருக்கலாம். இந்த வயது ஃபெரட்டுகளுக்கு அது சாதாரணம். வயிற்றுப் புண் இருக்கலாம். ரப்பர் துண்டையோ முடி உருண்டையையோ விழுங்கி அடைத்துக்கொண்டிருக்கலாம். ரப்பர் என்றால் இவனுக்கு உயிர், அப்பாவின் செருப்பு வாரில் கடித்த தடம் இன்னும் இருக்கிறது. குடல் வீக்கம், லிம்போமா எனும் புற்றுநோய், இதயக் கோளாறு என்று பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றுக்கும் வெளித் தோற்றம் ஒன்றுதான்: இளைத்துப்போய், கால் தள்ளாடி, மூலையில் சுருண்டு கிடக்கும் ஒரு பிராணி.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. உள்ளூர் டாக்டரிடம் காட்டலாம் என்றார் அப்பா. தம்பிக்குப் பெங்களூர். நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குப் போகச் சொன்னார் மாமா, அவர் தருமபுரிக்காரர். அம்மா "வர்றது வரட்டும், அலைக்கழிக்காம வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கலாம்டா" என்றார். ஐந்தாவதாக ஒரு வழியும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எந்த வழியில் போனாலும் காத்திருக்காத வேலை ஒன்று இருக்கிறது, சாப்பாடு. ஃபெரட்டுக்குக் குடல் குட்டை. உள்ளே போனது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். மனிதன் ஒரு நாள் பட்டினி கிடப்பதும் இது அரை நாள் பட்டினி கிடப்பதும் ஒன்றல்ல. ஆகவே எந்த டாக்டர் என்று முடிவாகும் முன்பே ஊட்ட ஆரம்பித்துவிட வேண்டும். கோழி நெஞ்சுக் கறியோடு கொஞ்சம் ஈரலும் சேர்த்து, உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரையே விட்டுச் சட்னி ஜாரில் நைசாக அடித்தோம். (அந்த ஜாரை அம்மா அன்றோடு தலைமுழுகிவிட்டார்.) வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சில் இழுத்துக்கொள்ள வேண்டும். ஆளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, தலையை அண்ணாத்தாமல், கோரைப் பல்லுக்குப் பின்னால் வாயோரமாக அரை மில்லி விட்டுவிட்டுக் காத்திருந்தால் நாக்கு ஒரு தரம் வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டு உள்ளே போகும். அது விழுங்கிவிட்டதற்கு அடையாளம். அப்புறம் அடுத்த அரை மில்லி. ஒரு வேளைக்கு எட்டுப் பத்து மில்லி உள்ளே போக இருபது நிமிடம் ஆகும், பாதி என் லுங்கியில். ராத்திரி இரண்டு மணிக்கும் இதே வேலைதான்.

திடீரென்று கண் நிலைகுத்தி, எச்சில் வடிந்து, எழுப்பினால் எழாமல் கிடந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். ஈறில் தேனைத் தொட்டுத் தடவ வேண்டும். வலிப்பு வந்துகொண்டிருந்தால் விரலைப் பல்லுக்கு நடுவில் விடக் கூடாது, எதையும் ஊற்றவும் கூடாது. தெளிந்ததும் கறிக்கூழ். தேன் பிடிக்கிறதே என்று தினமும் கொடுத்தால் கணையம் இன்னும் இன்சுலினைக் கொட்டி, சர்க்கரை மறுபடி விழும். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ இப்யூபுரோஃபெனையோ உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், இந்த உடம்பு அவற்றைத் தாங்காது.

சரி, உள்ளூரிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் டாக்டர் முப்பது வருடமாக மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் வைத்தியம் பார்ப்பவர். ஃபெரட்டை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தார், அதை மறைக்கவும் இல்லை. தோலைக் கிள்ளி விட்டார். அது கூடாரம் மாதிரி நின்று மெதுவாகப் படிந்தது. "தண்ணி வத்திப்போச்சு" என்று தோலுக்கடியில் குளூக்கோஸ் இல்லாத சலைன் ஏற்றினார். எப்படி ஏற்றுவது என்று எனக்கும் கற்றுக் கொடுத்தார். அடுத்த பத்து நாளும் அவனைத் தாங்கி நின்றது அந்த ஒரு பாடம்தான் என்று சொல்வேன். அம்மாவின் சர்க்கரை மெஷினில் பின்னங்காலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்தார், 74 வந்தது. நான்கு மணி நேரம் சாப்பிடாத ஃபெரட்டுக்கு 90-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 60-க்குக் கீழே என்றால் இன்சுலினோமா என்று ஏறத்தாழ முடிவு கட்டிவிடுவார்கள். 74 நடுவில் நின்றது. போதாததற்கு, மனிதர்களுக்கான மெஷின் ஃபெரட் ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைத்துத்தான் காட்டும்.

அடுத்து அவர் செய்யப் பார்த்ததில்தான் எனக்கு முரண்பாடு. "ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுரலாம்ப்பா, எந்திரிச்சு ஓடும்" என்றார். பொய்யில்லை. பிரெட்னிசலோன் போட்டால் பசி எடுக்கும், சர்க்கரை ஏறும், வீக்கம் வற்றும். முதல் இரண்டு நாள் பார்க்கிறவர்களுக்குக் குணமாகிவிட்ட மாதிரியே இருக்கும். உள்ளே இருப்பது புண்ணாக இருந்தால் அது ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். தொற்றாக இருந்தால் பரவும். லிம்போமாவாக இருந்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, அப்புறம் எடுக்கும் பரிசோதனையில் சிக்காமல் போய்விடும், பின்னால் கொடுக்கும் கீமோவுக்கும் சரியாக மசியாது. கறுப்பு மலம் போகிற பிராணிக்கு, பெயர் தெரியும் முன் இந்த ஊசி வேண்டாம் என்றேன். டாக்டருக்கு முகம் லேசாகச் சுருங்கியது. "அப்ப எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். கோபமாகச் சொன்னாரா அக்கறையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஊரிலேயே இன்னொரு வசதியும் இருக்கிறது. 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஆனால் அது பெரும்பாலும் கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டுக்கும் விழுந்து கிடக்கும் ஆட்டுக்குமான ஏற்பாடு. ஒரு கிலோ பிராணிக்காக அதைக் கூப்பிட எங்களுக்கு மனசு வரவில்லை.

அடுத்தது பெங்களூரா நாமக்கலா என்ற கேள்வி. இதில் பாதிக் கேள்வி நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் 40 கிலோமீட்டர், யோசிக்கவே வேண்டாம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர் சுமார், நாமக்கல் 160-ஐ ஒட்டி. தருமபுரிக்காரர்களுக்குத்தான் தராசு சமமாக நிற்கும், சொல்லப்போனால் நாமக்கல் பக்கமே கொஞ்சம் சாயும். மாமா தன் ஊரிலிருந்து பார்த்துச் சொன்னது அவருக்குச் சரி, எங்களுக்கு இல்லை.

நாமக்கல் கல்லூரி 1985-இல் ஆரம்பித்தது. கோழிப் பண்ணைகளின் தலைநகரத்தில் இருப்பதாலோ என்னவோ, அங்கே போகிறவர்கள் எல்லாம் மாடு, கோழி என்றே நினைத்துக்கொள்கிறோம். நாய், பூனை எல்லாம் தாராளமாகப் பார்க்கிறார்கள். கல்லூரி மருத்துவமனை என்பதால் எக்ஸ்ரே, ஸ்கேன், ஆய்வகம் ஒரே வளாகத்தில், செலவு தனியார் இடங்களைவிடப் பல மடங்கு குறைவு. புதிதாக ஒரு பிராணியைப் பார்த்தால் மாணவர்களும் பேராசிரியரும் சலிக்காமல் உட்கார்ந்து பார்ப்பார்கள். பெயர் தெரியாத நோய்க்கு அது சின்ன விஷயம் இல்லை. குறை என்றால், காலை நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய நாள் போச்சு. கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் வீடு என்றால், அதுவும் தருமபுரி, பாலக்கோடு, அரூர்ப் பக்கம் என்றால், நான் நாமக்கல்லுக்குத்தான் போகச் சொல்வேன். 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரியையும் ஒருவர் சொன்னார். நல்ல இடம்தான், ஆனால் மே மாதத்தில் 260 கிலோமீட்டர் என்றதும் அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

பெங்களூரில் எக்ஸாட்டிக் பெட் என்று தனியாகப் பார்க்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். முயல், ஆமை, பச்சோந்தி, இகுவானா என்று தினமும் தொட்டுப் பழகிய கை. எங்களுக்குக் காசு எதற்குப் போனது என்றால் அந்தக் கைக்குத்தான். உள்ளூரில் இரண்டு பேர் சேர்ந்து பிடித்தும் வாலை மட்டுமே பார்க்க முடிந்தது. அங்கே அந்த டாக்டர் அம்மா, அம்மா என்ன, தம்பியைவிட வயதில் சின்னப் பெண், சுண்டுவின் பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள். அவன் கை கால் எல்லாம் தொங்கவிட்டு வாயைப் பிளந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவிக்குள் ஈறின் நிறத்தையும் பல்லையும் தொண்டையையும் பார்த்து முடித்துவிட்டாள். பிடரியைப் பிடித்தால் ஃபெரட் கொட்டாவி விடும் என்பது நான்கு வருடம் வளர்த்த எங்களுக்கே தெரியாது.

ஆனால் அந்த மேஜை வரை போய்ச் சேர்ந்தது தனிக் கதை. முதலில் போன் செய்த இடத்தில் ஆறு நாள் கழித்துத்தான் நேரம் என்றார்கள். ஆறு நாளில் இவன் இருப்பானா என்று கேட்டதற்கு "எமர்ஜென்சின்னா வாங்க, ஆனா எக்ஸாட்டிக் டாக்டர் இருக்கமாட்டாங்க" என்று பதில். இரண்டாவது இடத்தில் மறுநாளே வரச் சொன்னார்கள், வந்தபின் ஒன்றே கால் மணி நேரம் நாய்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு நாய்க்குட்டி மூக்கு ஒழுகிக்கொண்டு. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் ஃபெரட்டுக்கு வந்தால் ஏறத்தாழ பிழைக்காது. கூடையைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு போய்க் காரிலேயே உட்கார்ந்தேன். அரசு மருத்துவமனையோ தனியாரோ, இதைச் செய்யுங்கள். முறை வந்தால் போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே இருங்கள். இன்னொன்று, நமக்கு வரும் ஃப்ளூ காய்ச்சல் ஃபெரட்டுக்கும் ஒட்டும். வீட்டில் சளி பிடித்தவர் ஊட்டக் கூடாது, வேறு ஆள் இல்லையென்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு ஊட்டட்டும்.

பயணமே ஒரு நோய் என்று நான் நினைக்க ஆரம்பித்தது அன்றுதான். ஃபெரட்டுக்கு வியர்க்காது. 30 டிகிரியைத் தாண்டினால் நல்ல ஃபெரட்டே துவண்டுவிடும், இங்கே மே மாதத்தில் காலை பத்து மணிக்கே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. மாங்காய் சீசன் வேறு, கூழ் ஆலைகளுக்குப் போகும் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பினோம். உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூடையின் ஒரு மூலையில், அவனுடைய பழைய துணிப்பை இன்னொரு மூலையில். குளிர்ச்சி வேண்டுமென்றால் இந்தப் பக்கம், கதகதப்பு வேண்டுமென்றால் அந்தப் பக்கம், அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று. அத்திப்பள்ளி தாண்டும்வரை துணிப்பைக்குள் இருந்தான். எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் பாட்டிலுக்கு வந்துவிட்டான்.

அங்கே போனதும் அடுத்த ஒப்பீடு: எந்தப் பரிசோதனை? கடைக்குப் போனால் எல்லாமே வேண்டும் போலத்தான் இருக்கும். ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு கிலோ ஃபெரட்டின் உடம்பில் மொத்த ரத்தமே அறுபது எழுபது மில்லி, ஒரு சின்ன டம்ளர் காபி. நோயாளியிடமிருந்து அதில் எவ்வளவு எடுக்க முடியும்? அதனால் இரண்டு இடத்தில் காட்டப்போவதாக இருந்தால், முதல் இடத்து ரிப்போர்ட் ஒன்றுவிடாமல் கையில் இருக்க வேண்டும். அதையே மறுபடி எடுக்கிறோம் என்றால் ஏன் என்று கேட்கலாம், தப்பில்லை. மயக்கமும் அப்படியே. ஐசோஃப்ளூரேன் வாயு கொடுத்துவிட்டு ரத்தம் எடுத்தால் ஃபெரட்டுக்குச் சிவப்பணு அளவு இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், இல்லாத சோகைக்கு வைத்தியம் ஆரம்பித்துவிடுவோம். முதலில் ரத்தம், அப்புறம் மயக்கம், அதே மயக்கத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன், ஊசியில் எடுக்கும் செல் மாதிரி எல்லாம் என்று அந்தப் பெண் வரிசையாகத் திட்டம் போட்டாள்.

எனக்கு உதவியது அவள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கேட்ட ஒரே கேள்வி. "இதுல என்ன வந்தா நீங்க என்ன செய்வீங்க?" எக்ஸ்ரேயில் அடைப்பு தெரிந்தால் இன்றே ஆபரேஷன், செய்வீர்களா? செய்வோம். அப்படியென்றால் எக்ஸ்ரே எடுக்கலாம். இதயத்துக்குத் தனியாக எக்கோ எடுக்கலாம், ஆனால் சத்தத்தில் முணுமுணுப்பு இல்லை, எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தால் மட்டும் எடுப்போம். அட்ரீனல் ஹார்மோன் பரிசோதனை? வாலில் முடி கொட்டவில்லை, சிறுநீர் அடைப்பில்லை, அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த டாக்டர் கிருஷ்ணகிரியில் இருந்தால் கிருஷ்ணகிரியே போதும். கேட்காத டாக்டர் லண்டனில் இருந்தாலும் வீண்.

முடிவுகள் வந்தன. ஆய்வகத்தில் சர்க்கரை 88. எக்ஸ்ரேயில் அடைப்பு இல்லை. ஸ்கேனில் மண்ணீரல் பெரிதாக இருந்தது. நான் அதிர்ந்துபோனேன், அவள் அசரவில்லை. வயதான ஃபெரட்டுகளுக்கு மண்ணீரல் பெருப்பது சாதாரணம், பல சமயம் அது வேறெதற்கோ உடம்பு காட்டும் பதில், அதை மட்டும் வைத்துப் பயப்படக் கூடாது என்றாள். ஊசி மாதிரியில் புற்று செல் தென்படவில்லை. வயிற்றுச் சுவர் தடித்திருந்தது. குடலருகே இரண்டு நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன, ஊசி எட்டாத இடத்தில். அதாவது 11,400 ரூபாய் செலவில், காருக்கும் சேர்த்து, எங்களுக்குக் கிடைத்தது ஒரு பெயர் இல்லை. சில பெயர்கள் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன, சில மிச்சம் இருந்தன. தம்பிக்கு ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடைப்பு இல்லை என்பது தெரியாமல் ராத்திரி இரண்டு மணிக்குக் கறிக்கூழை உள்ளே தள்ளுவது வேறு, தெரிந்து தள்ளுவது வேறு.

புண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஃபெரட்டுக்கென்றே ஒரு ஹெலிகோபாக்டர் கிருமி உண்டு, அதற்கு இரண்டு ஆன்டிபயாடிக், அமிலத்தைக் குறைக்க ஒன்று, புண்ணுக்கு மேல் பூச்சு மாதிரி படிய ஒன்று. எல்லாம் நம்ம ஊர் மெடிக்கலிலேயே கிடைத்தன, குழந்தைகளுக்கான சிரப்பாக. ஆனால் சர்க்கரை சேர்க்காத சிரப் என்றால் சைலிடால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள், அது ஃபெரட்டின் சர்க்கரையைச் சரேலென்று இறக்கிவிடும். ஆறாம் நாள் மலம் பழுப்புக்குத் திரும்பியது. பல்லைக் கடிப்பது நின்றது. எடை 890 வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற அம்மாவின் வழியை நான் முதலில் கைகழுவும் வழி என்றுதான் நினைத்தேன். அது தப்பு. வலிக்கு மருந்து, வாந்திக்கு மருந்து, தோலுக்கடியில் சலைன், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் சாப்பாடு என்று டாக்டரைக் கேட்டு முறையாகச் செய்தால் அதுவும் ஒரு வைத்தியம்தான், ஆள் பலம் அதிகம் கேட்கும் வைத்தியம். ஒரு டாக்டரும் இல்லாமல் "பாக்கலாம்" என்று விட்டுவிடுவதுதான் கைகழுவுவது. எங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம், ஷிப்டு போட முடிந்தது. தனியாக இருந்துகொண்டு வேலைக்கும் போகிறவர் இதைப் பத்து நாளுக்கு மேல் செய்ய முடியாது. அப்படிப்பட்டவர் காசைப் பரிசோதனையில் கொட்டாமல் இரண்டு மூன்று நாள் உள்நோயாளியாக வைத்துப் பார்க்கும் இடத்துக்குச் செலவிடுவதே நல்லது.

அந்த ஐந்தாவது வழி. மயக்க மருந்தை அதிக அளவில் ஏற்றித் தூங்க வைத்துவிடுவது. நம்ம பக்கம் கருணைக்கொலை என்ற சொல்லிலேயே கொலை இருப்பதால் யாரும் கிட்டே வருவதில்லை. கடைசிக் கால மாட்டைச் சந்தையில் தள்ளிவிட்டு வருகிற ஊரில் இந்த ஊசியைப் பாவம் என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நானும் தம்பியும் தினசரிக் காலண்டர் தாளில் மூன்று கட்டம் போட்டு வைத்தோம். தானாக ஒரு வாயாவது நக்கினானா? மலம் கழிக்க மூலைக்குத் தானே நடந்து போனானா? பிஸ்கட் டப்பாவின் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினானா? மூன்றும் இல்லை என்று தொடர்ந்து மூன்று தாள் கிழிந்தால் டாக்டரைக் கூப்பிடுவது என்று பேச்சு. ஒரு முறை இரண்டு தாள் வரை போனது. மூன்றாம் நாள் விடிகாலையில் அம்மா எதற்கோ டப்பாவைத் திறந்திருக்கிறார், அவன் தலை தூக்கியது. அப்போது வீட்டில் யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரத்தில் தம்பி மறுபடி பெங்களூர் என்றான். வயிற்றைத் திறந்து அந்தக் கணுவிலிருந்து துண்டு எடுத்துப் பார்த்தால் லிம்போமாவா குடல் வீக்கமா என்று தெரிந்துவிடும். நியாயம்தான். முன்னால் அந்தப் பெண் கேட்ட கேள்வியை இப்போது நான் அவனிடம் கேட்டேன். லிம்போமா என்று வந்தால் என்ன செய்வாய்? கீமோ என்றால் வாராவாரம் இந்த 90 கிலோமீட்டர், வெயிலில், இந்த உடம்போடு. செய்வாயா? நீண்ட நேரம் யோசித்துவிட்டு இல்லை என்றான். குடல் வீக்கம் என்று வந்தால்? பிரெட்னிசலோன். கீமோ இல்லாமல் லிம்போமாவுக்கு? அதே பிரெட்னிசலோன். மிச்சமிருந்த மூன்றாவது சந்தேகம், இன்னும் வெளியே தெரியாத சின்ன இன்சுலினோமா, அதற்கும் அதுவே. 890 கிராம் உடம்பைக் கிழித்து வாங்கும் பதில், கொடுக்கப்போகும் மருந்தை மாற்றாது. உங்கள் வீடு ஓசூரில், கீமோவுக்கு அலையத் தயார், ஃபெரட்டுக்கு இரண்டு வயதுதான் என்றால் இதே கணக்கு நேர்மாறாக வரும், அப்போது பயாப்ஸிதான் சரி.

பெங்களூர் டாக்டரிடம் போனில் பேசினோம், சம்மதித்தாள். புண் மருந்தை நிறுத்தாமல் அதோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லி, ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்ற கணக்கை எழுதி அனுப்பினாள். அந்தச் சீட்டோடு உள்ளூர் டாக்டரிடம் போனேன். மூக்குக் கண்ணாடியை இறக்கி முழுசாகப் படித்தார்.

"இதைத்தானப்பா நான் அன்னைக்கே போடறேன்னேன்."

"ஆமாங்க சார். அன்னைக்கு உள்ள புண்ணு இருந்துச்சு."

"புண்ணு இருந்துச்சுன்னு அன்னைக்கு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்று சிரித்தார். மருந்தை 0.4 மில்லிக்கு இழுத்துக் காட்டி, காலையில் சாப்பாட்டுக்குப் பின், ஒரே நேரத்தில், திடீரென்று நிறுத்தக் கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை தராசு 925 காட்டியது. கடைக்காரர் இந்தத் தடவை, நாங்கள் கேட்காமலேயே, பக்கத்தில் ஒரு கிலோ சர்க்கரையை எடுத்து வைத்திருந்தார்.